ரிசல்ட் பக்கத்தில் வந்த மாப்பிள்ளை

1999 மே மாதம், பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று, காலை பத்து மணி பத்து நிமிடத்துக்குப் பாவாத்தாள் எடுத்த முதல் போன் ஈரோட்டிலிருந்து வந்தது. பேசியவர் ஒரு தாய். குரலில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"ஏனுங்க, உங்க வெப்சைட்ல எங்க புள்ள நம்பரப் போட்டமுங்க. மார்க்கு வரலீங்க. ஒரு மாப்பிள்ள வந்திருக்காப்ல."

"யாருங்க வந்திருக்காங்க?"

"மாப்பிள்ளைங்க. போட்டோவோட. பட்டுச் சட்ட போட்டிருக்காரு. வயசு முப்பத்தி மூணுன்னு போட்டிருக்குதுங்க. எங்க புள்ளைக்கு இப்பத்தானுங்க பதினேழு முடிஞ்சுது."

பாவாத்தாள் நேரம், ஊர், குறை மூன்றையும் நோட்டில் எழுதினாள். குறை என்ற இடத்தில் 'மாப்பிள்ளை' என்று எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்கியது.

நோட்டில் எழுதுவது அவளாக ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். அன்னூர்ப் பக்கத்துப் பெண். தாயும் தகப்பனும் ஊரார் தோட்டங்களில் வேலை செய்தவர்கள். பிறகு தகப்பனுக்கு கணபதியில் ஒரு பவுண்டரியில் வேலை கிடைத்துக் குடும்பம் நகரத்துக்கு வந்தது. பாவாத்தாள் பி.எஸ்சி. கணக்கு முடித்துவிட்டு இரண்டு வருஷம் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் இருந்தாள். சேலத்துக்குப் போக வேண்டிய மூட்டை செங்கோட்டைக்குப் போய் இறங்குவதும், இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே நேரத்தில் போனில் கத்துவதும் அங்கே அன்றாடச் சங்கதி. யார், எங்கிருந்து, எப்போது, என்ன என்று அந்த நிமிஷமே எழுதாவிட்டால் சாயங்காலம் எல்லாம் நம் தலையில்தான் விழும் என்பதை அவள் அங்கே பட்டுத் தெரிந்துகொண்டாள். வேலை முடிந்ததும் காந்திபுரத்தில் ஒரு சென்டரில் கம்ப்யூட்டர் டிப்ளமா படித்தாள். அந்த டிப்ளமாவை நம்பித்தான் பீளமேட்டில் கிரைண்டர் கடை மாடியில் இருந்த ராஜுலு நெட் கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டாள். கம்பெனி அவளை எடுத்தது டிப்ளமாவுக்காக அல்ல, குரலுக்காக.

"நம்ம கம்பெனிக்கு உங்க குரல்தானுங்க அம்மணி மூஞ்சி" என்றார் முதலாளி சுந்தரராஜுலு. மேஜையில் 'கஸ்டமர் சப்போர்ட்' என்று ஒரு பலகையும் இரண்டு டெலிபோன்களும் வைத்தார். கம்ப்யூட்டர் வைக்கவில்லை.

கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவன் ஆல்வின். கெட்டிக்காரன். வாரத்துக்கு இரண்டு தரம் சவரம் செய்வான், சாப்பிட மறந்துபோவான். அவள் சேர்ந்த அன்றே, "பாவாத்தாள்ங்கறது கொஞ்சம் நீளமா இருக்குதுங்க. பவின்னு கூப்பிடட்டுங்களா?" என்று கேட்டான்.

"மொத்தமே அஞ்செழுத்துதானுங்க. லாரி ஆபீஸ்ல பேரச் சுருக்கி எழுதி எத்தன மூட்ட மாறிப்போச்சு தெரியுங்களா? முழுசாவே கூப்புடுங்க."

அதற்குப் பிறகு அவன் முழுசாகவே கூப்பிட்டான்.

ராஜுலு நெட்டில் அப்போது பத்துப் பன்னிரண்டு வெப்சைட்டுகள் இருந்தன. பம்புசெட் கம்பெனி, மாவு மில், நூல் ஏற்றுமதியாளர் இப்படி. கூட்டம் அதிகம் வருவது 'மங்கலமேடை' என்ற கல்யாணத் தகவல் தளத்துக்குத்தான். எல்லாம் ஒரே சர்வரில் குடியிருந்தன. அந்த வருஷம் ஒரு டுடோரியல் காலேஜ்காரர் வந்து, பிளஸ் டூ மார்க்கைத் தன் வெப்சைட்டில் போட வேண்டும் என்றார். பேப்பர் விளம்பரத்தில் உதவிக்கு ராஜுலு நெட்டின் போன் நம்பரையே கொடுத்தார். ஒரே நாளில் ஆயிரக்கணக்கான பேர் வருவார்கள், ஒரு சர்வர் தாங்காது என்று ஆல்வின் சொன்னதால், சுந்தரராஜுலு இன்னொரு சர்வரும், இரண்டுக்கும் முன்னால் வைக்க ஒரு லோடு பேலன்சரும் பெங்களூரிலிருந்து வரவழைத்தார். அது ஒரு தட்டையான கறுப்புப் பெட்டி. வாசலுக்கு வருகிறவர்களை இந்த சர்வருக்கு ஒருவர், அந்த சர்வருக்கு ஒருவர் என்று மாற்றி மாற்றி அனுப்புவது அதன் வேலை. சர்வர்களுக்குப் பெயர் வைக்கும் உரிமை ஆல்வினுடையது. அவன் தினமும் திருச்சி ரோட்டில் பஸ்ஸில் வருகிறவன். அந்த வழியில் பஸ் நிற்கிற ஊர்களின் பெயரையே எடுத்து, பழைய சர்வருக்கு சிங்காநல்லூர், புதியதற்கு சூலூர் என்று வைத்தான்.

சுந்தரராஜுலு மூன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டார். ரிசல்ட் அன்று காலை எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். அந்த லட்டு பாதி கையில் இருக்கும்போதுதான் ஈரோட்டுத் தாய் கூப்பிட்டது.

பதினைந்து நிமிடத்துக்குள் நோட்டில் ஒரு பக்கம் நிரம்பிவிட்டது. பவானி, மாப்பிள்ளை. தாராபுரம், மாப்பிள்ளை. உடுமலை, ரிசல்ட் வந்தது, நன்றி சொல்லக் கூப்பிட்டார். கோபி, மாப்பிள்ளை. அவிநாசி, முதலில் மாப்பிள்ளை, பிறகு ரிசல்ட், பக்கத்து வீட்டுப் பிள்ளை நம்பரையும் பார்க்கலாம் என்று மறுபடி அமுக்கியதில் மறுபடி மாப்பிள்ளை. எல்லாரும் சொன்னது ஒரே மாப்பிள்ளையைத்தான். மங்கலமேடையின் முதல் பக்கத்தில் 'இந்த வார வரன்' என்று போட்டிருந்த காங்கேயம் தனபால், பி.காம்., சொந்த எண்ணெய் மில், கீழே அவர் போன் நம்பர்.

பாவாத்தாள் ஆல்வினிடம் ஓடினாள். சர்வர் அறை ஏசி அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கழற்றிவிட்டு ஓடினாள்.

"ஏனுங்க ஆல்வின், மார்க்கு கேக்கறவங்களுக்கு மங்கலமேடை போகுதாமா."

ஆல்வின் தன் கம்ப்யூட்டரில் ஒரு நம்பரை அடித்தான். மார்க் வந்தது. இன்னொன்று அடித்தான். வந்தது. பத்து நம்பர் அடித்தான், பத்துக்கும் வந்தது.

"இங்க நல்லாத்தானுங்க வருது. அவிங்க அட்ரஸ் தப்பா அடிச்சிருப்பாங்க."

"பதினாலு பேரும் தப்பா அடிச்சு, பதினாலு பேருக்கும் அதே தனபாலுங்களா?"

ஆல்வின் பதினோராவது நம்பரை அடித்தான். அதற்கும் மார்க் வந்தது. பாவாத்தாள் தன் மேஜைக்குத் திரும்பினால் இரண்டு டெலிபோனும் சேர்ந்து அடித்துக்கொண்டிருந்தன.

முதல் போனில் காங்கேயத்துச் செங்கோட்டையன். கொங்குப் பக்கத்தில் கோபம் ஏற ஏற மரியாதை குறையாது, கூடும். அவர் சொன்ன ஒவ்வொரு 'ங்க'வும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தது.

"நான் தோட்டம் தொரவு பாக்கறவனுங்க. என்ற புள்ள சண்முகப்ரியா நம்பரப் போட்டா, அந்தத் தனபாலு வந்து பல்ல இளிக்கறானுங்க. நானும் அவனும் ஒரு வருசமா பேச்சு வார்த்த இல்லீங்க. வழியில பாத்தாக்கூட நான் அக்கட்ட போயிருவனுங்க. என்ற புள்ள ரிசல்ட்டுல அவன் எப்பிடி வாரானுங்க? உங்களுக்கு என்ன கொடுத்தானுங்க?"

"அய்யோ, அப்பிடியெல்லாம் இல்லீங்க. இங்க ஏதோ கோளாறுங்க. நீங்க நம்பர் சொல்லுங்க, நான் பாத்து..."

"மார்க்க அவங்கிட்டவே கேட்டுக்கறனுங்க" என்று அவர் வைத்துவிட்டார்.

இரண்டாவது போனில் இருந்தவர் தனபாலே.

"அம்மணி, நானுங்க, வரன் தனபாலு. காத்தால இருந்து நாப்பது பேரு போன் பண்ணிப்போட்டாங்க. ஏதோ நல்ல எடம் வருதுன்னு சட்டையெல்லாம் மாத்திட்டு உக்காந்தனுங்க. எல்லாரும் மார்க்குக் கேக்கறாங்க. பிசிக்ஸ்ல எத்தன, கெமிஸ்ட்ரில எத்தனன்னு. ஒரு பொம்பள அழுவறாங்க. நான் என்னத்தைங்க சொல்லறது? நானே பத்தாவது தாண்டாதவன்."

"பி.காம்னு போட்டிருக்குதுங்களே?"

தனபால் குரலைத் தணித்தார்.

"அது ஊட்ல போட்டதுங்க" என்றார் தனபால். "அத அப்பிடியே உட்ருங்க."

பாவாத்தாள் நோட்டில் அதை எழுதவில்லை.

அதற்குள் சுந்தரராஜுலு வந்து நின்றார். டுடோரியல்காரர் அவருக்கும் போன் செய்திருந்தார். "என்னங்க அம்மணி, ரிசல்ட் பாக்க வந்தவங்களுக்கு நாம கல்யாணம் பண்ணி வெக்கறமாமா?" என்றார். அவர் முகத்தில் காலையில் இருந்த லட்டுக் களை போய்விட்டிருந்தது.

"சார், ஆல்வின் பாத்தா சரியா வருது. வெளிய பாத்தா வரமாட்டீங்குது. நான் வெளிய போய்ப் பாக்கட்டுங்களா?"

"வெளியன்னா?"

"ரசாக் அண்ணன் கடைக்கு."

ரசாக்கின் பிரவுசிங் சென்டர் அவிநாசி ரோட்டில், அடுத்த பஸ் ஸ்டாப்பில் இருந்தது. ஆறு கம்ப்யூட்டர், ஆறு பிளைவுட் தடுப்பு. முதலாளி டெலிபோன்களுக்கு முன்னால் உட்கார, பாவாத்தாள் வெயிலில் நடந்து போனாள். கடை வாசலில் நாற்பது ஐம்பது பிள்ளைகளும் பெற்றவர்களும் நின்றார்கள். ஆனால் சண்டை இல்லை, கூச்சல் இல்லை. ரசாக் ஒரு ஸ்டூல் மேல் ஏறி நின்று ஒழுங்கு செய்துகொண்டிருந்தார்.

"மாப்பிள்ள வந்தா பயப்படாதீங்க. பேக் போயி திரும்ப அமுக்குங்க. மறுபடி அவரே வந்தாருன்னா மறுபடி அமுக்குங்க. நாலு தடவைக்குள்ள மார்க்கு வந்துரும். அடுத்த ஆளு வாங்க."

"ஏனுங்கண்ணா, காத்தால இருந்து இப்பிடித்தானுங்களா?"

"ஆமாம்மா. ஆளப் பொறுத்தில்ல, நம்பரப் பொறுத்தில்ல. அவரு நெனச்சா வாராரு, நெனச்சா போறாரு. ஒரு அம்மா அவரு போன் நம்பரக்கூட எழுதிக்கிட்டாங்க. அவங்க மூத்த பொண்ணுக்காம்."

பாவாத்தாள் ஒரு தடுப்புக்குள் புகுந்து ஒரு பையனின் நம்பரை வைத்துக்கொண்டு இருபது முறை அமுக்கினாள். அந்தப் பையன் முதல் முறையே தன் மார்க்கைப் பார்த்துவிட்டான். ஆனாலும் இந்த அக்கா என்ன செய்கிறாள் என்று நின்று பார்த்தான். அவள் கோடு போட்டாள். மார்க்கு ஒன்பது. தனபால் பதினொன்று.

பாதிக்குப் பாதி. ஆபீசில் பாதிக்குப் பாதி என்று எதுவும் இல்லை, சர்வர் இரண்டு என்பதைத் தவிர.

திரும்பிப் போகும்போது அவள் நடக்கவில்லை. ஆட்டோ பிடித்தாள்.

"ஆல்வின், ரெண்டு சர்வர்ல ஒண்ணுக்கு மட்டும் ரிசல்ட் விசயமே தெரியாதுங்க."

"ரெண்டும் ஒண்ணேதானுங்க. சிங்காநல்லூர்ல இருந்ததை அப்பிடியே காப்பி எடுத்துத்தான் சூலூர்ல போட்டேன்."

"எப்பங்க காப்பி எடுத்தீங்க?"

"சனிக்கெழம."

"டுடோரியல் சைட்ட சர்வர்ல சேத்துனது எப்பங்க?"

ஆல்வின் நாட்காட்டியைத் திரும்பிப் பார்த்தான்.

"திங்கக்கெழம" என்றான்.

பிறகு அவனே விளக்கினான். ஒரே சர்வரில் பல தளங்கள் இருக்கும்போது, வருகிறவர் எந்தப் பெயரைக் கேட்டு வருகிறார் என்று சர்வர் தன் பட்டியலில் பார்க்கும். பட்டியலில் அந்தப் பெயர் இல்லாவிட்டால் முதலில் இருக்கிற தளத்தைத் திறந்துவிடும். சூலூரின் பட்டியலில் டுடோரியலின் பெயரே இல்லை. முதலில் இருந்தது மங்கலமேடை.

"சரிங்க. மங்கலமேடைல நம்பரக் கேட்டா, 'அப்பிடி ஒரு பக்கம் இல்லை'ன்னுதானுங்களே சொல்லோணும்? இவரு எதுக்கு வாராரு?"

ஆல்வின் கதவோரம் வந்து நின்ற முதலாளியைப் பார்த்தான். முதலாளி சுவரைப் பார்த்தார். போன மாசம் சுந்தரராஜுலுதான் ஆல்வினைக் கூப்பிட்டு, "ஊட்டுக்கு வந்தவங்கள 'இல்ல'ன்னு சொல்லித் திருப்பறது நம்ம பக்கத்துப் பழக்கமில்லீங்க. என்ன கேட்டாலும் மொதப் பக்கத்தக் காட்டி உக்கார வெய்யுங்க" என்று சொல்லியிருந்தார். அன்று முதல் மங்கலமேடையில் எந்தப் பக்கம் இல்லாவிட்டாலும் முதல் பக்கம் வந்து நிற்கும். முதல் பக்கத்தில் தனபால் நிற்பார்.

"அப்புறம் உங்களுக்கு மட்டும் எப்பிடிங்க சரியா வந்துது?"

"நான் திங்கக்கெழம சோதிக்கறப்ப, என்ற மிசின்ல மட்டும் அந்தப் பேரக் கேட்டா நேரா சிங்காநல்லூருக்குப் போற மாதிரி எழுதி வெச்சேன். எடுக்க மறந்துட்டேன். பெட்டி வழியா நான் போகவே இல்லீங்க." அவன் காது சிவந்துபோயிருந்தது.

பதினொன்றரைக்குள் ஆல்வின் சூலூரின் பட்டியலில் டுடோரியல் தளத்தைச் சேர்த்துவிட்டான். தன் கம்ப்யூட்டரில் இருந்த குறுக்கு வழியையும் எடுத்தான். பெட்டி வழியாகவே இருபது முறை போட்டுப் பார்த்தான். இருபதும் மார்க். சுந்தரராஜுலு மிச்சமிருந்த லட்டுகளைத் திரும்பவும் வெளியே எடுத்தார்.

பன்னிரண்டு மணிக்குப் பவானியிலிருந்து ஒரு போன்.

"அம்மணி, முன்னாடி மாப்பிள்ளையாச்சு வந்தாப்ல. இப்ப அவரையும் காணங்க."

"என்னங்க வருது?"

"ஒண்ணுமில்லீங்க. வெள்ளையா இருக்குது. இங்கிலீசுல என்னமோ காணலைங்குது."

அடுத்தது அவிநாசி. அதற்கடுத்தது தாராபுரம். தாராபுரத்துக்காரர் பள்ளிக்கூட வாத்தியார், படித்துச் சொல்லத் தெரிந்தவர்.

"சூலூர்னு போட்டிருக்குதுங்க. சூலூருக்குப் போகோணுமா ரிசல்ட் வாங்க? பஸ்ஸு எத்தன மணிக்குங்க?"

"சூலூர்ல ஒண்ணுமில்லீங்க, கெளம்பிராதீங்க" என்று சொல்லிவிட்டுப் பாவாத்தாள் ரசாக் கடைக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, அட்ரஸ் அடிச்சுப் பாருங்க. பக்கம் வராதப்ப மேல அட்ரஸ் போடற எடத்துல என்ன எழுதியிருக்குதுன்னு ஒவ்வொரு எழுத்தா சொல்லுங்க."

"நாம அடிச்சது போயிருச்சும்மா. வேற நிக்குது. எஸ், யூ, எல், யூ, ஆர். அப்புறம் ஒரு சாஞ்ச கோடு. பிளஸ் டூ. மறுபடி ஒரு கோடு."

அவள் எழுதிய காகிதத்தைக் கொண்டுபோய் ஆல்வின் முன்னால் வைத்தாள். செருப்பைக் கழற்ற மறந்துவிட்டாள், அவனும் பார்க்கவில்லை. காகிதத்தைப் பார்த்ததுமே அவன் தலையைக் கையில் தாங்கிக்கொண்டான்.

விஷயம் இவ்வளவுதான். பேப்பரில் கொடுத்த விளம்பரத்தில் ரிசல்ட் பக்கத்து முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு இருந்திருக்க வேண்டும். அச்சடித்தவர் அது மை பட்ட கறை என்று நினைத்து எடுத்துவிட்டார். கோடு இல்லாமல் வருகிறவரை, 'கோட்டோடு சேர்த்து இந்த முகவரிக்குப் போங்க' என்று சர்வர் திருப்பி அனுப்பும். அப்படி அனுப்பும்போது முகவரியில் தன் பெயரைப் போட்டுச் சொல்லும். சிங்காநல்லூரிடம் ஆல்வின், 'உன் பெயரைக் கேட்டால் டுடோரியல் பெயரைச் சொல்' என்று திங்கட்கிழமையே எழுதி வைத்திருந்தான். இன்று அவசரத்தில் சூலூரிடம் டுடோரியலின் பெயரைத் தெரிந்துகொள்ளச் சொன்னானே தவிர, சொல்லச் சொல்லவில்லை. சூலூர் தன் பெயர் சூலூர் என்று உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஆபீசுக்குள் இருக்கிற கம்ப்யூட்டர்களுக்கு சூலூர் என்றால் யார் என்று தெரியும். வெளியே பவானிக்கும் தாராபுரத்துக்கும் சூலூர் என்றால் பஸ் நிற்கிற ஊர்தான்.

"நான் மறுபடியும் உள்ள இருந்தே சோதிச்சுப்போட்டேன்" என்றான் ஆல்வின்.

"அப்புறம் வருத்தப்படலாமுங்க. இப்ப எத்தன வரி மாத்தோணும்?"

"ஒண்ணு."

"மாத்துங்க. நான் ரசாக் அண்ணன லைன்லயே வெச்சிருக்கறேன். அவரு பாத்துச் சரீன்னாத்தான் சரி."

ஒரு வரி மாறியது. அந்தப் பக்கம் ரசாக் ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னார், அவருக்குப் பின்னால் பிள்ளைகள் சேர்ந்து எண்ணினார்கள். முப்பது எண்ணியும் மாப்பிள்ளை இல்லை, சூலூர் இல்லை. முப்பத்தொன்றாவது மார்க்கைப் பார்த்து யாரோ ஒரு பிள்ளை போட்ட கூச்சல் டெலிபோனில் காதைப் பிளந்தது.

அதற்குப் பிறகு மத்தியானம் முழுக்கப் போன்கள் குறைந்துகொண்டே வந்தன. இரண்டேகால் மணிக்கு ஒன்று வந்தது. பின்னால் பஸ் ஹாரன் சத்தம்.

"அம்மணி, செங்கோட்டையன் பேசறனுங்க. காங்கேயம். நான் சூலூர் வந்துட்டனுங்க."

பாவாத்தாள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"சூலூருக்குங்களா?"

"உங்க வெப்சைட்டு சூலூர்னு சொல்லுச்சுங்க. சரி, மார்க்கு கையில வாங்கிக்கலாம்னு பல்லடம் வழி பஸ் ஏறிட்டனுங்க. இங்க ஏர்போர்ஸ்காரங்க வாசல்ல கேட்டனுங்க, அவங்க இந்தில என்னமோ சொன்னாங்க. பஞ்சாயத்து ஆபீஸ்ல கேட்டனுங்க, நாளைக்கி வாங்கன்னாங்க. எங்க வரோணுமுங்க?"

அவர் குரலில் காலையில் இருந்த கோபம் இல்லை. வெயிலில் அலைந்த களைப்புதான் இருந்தது. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கோபப்படுகிறவரிடம் மன்னிப்புக் கேட்பது சுலபம்.

"தப்பு எங்களுதுங்க. நீங்க எங்கயும் போக வேண்டாமுங்க. ஒரு எளநி குடிச்சுட்டு நெழல்ல நில்லுங்க. புள்ள நம்பர மட்டும் சொல்லுங்க."

அவர் சொன்னார். ஏசி அறை வரை டெலிபோன் ஒயர் எட்டாது. அவள் நம்பரைக் கூவினாள். ஆல்வின் அடித்தான், மார்க்கைக் கூவினான். அவள் பாடம் பாடமாகத் திருப்பிச் சொன்னாள். உயிரியலில் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு. மொத்தம் ஆயிரத்து எண்பத்தேழு.

ஒரு லாரி கடந்து போகிற சத்தம் கேட்டது.

"இன்னொருக்கா சொல்லுங்க அம்மணி."

அவள் இன்னொரு முறை சொன்னாள். அவர் பக்கத்தில் இருந்த யாரிடமோ, அநேகமாக பூத்துக்காரரிடம், "ஆயிரத்தி எம்பத்தி ஏழாமுங்க, என்ற புள்ள" என்று சொல்வது கேட்டது. பிறகு போனுக்குத் திரும்பினார்.

"அந்தத் தனபாலு சங்கதி?"

"அவருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க. எங்க கோளாறுதான். பாவம், காத்தால இருந்து ஊர்ல இருக்கறவங்க எல்லாரும் அவருக்குப் போன் பண்ணி மார்க்குக் கேக்கறாங்களாமா. அவரு அழுவாத கொறைங்க."

"எத்தன பேருங்க?"

"நாப்பதுக்கு மேலன்னாருங்க. அது பத்தரை மணிக் கணக்கு."

செங்கோட்டையன் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் மூக்கால், அப்புறம் வயிற்றால். ஒரு வருஷத்துக் கடுப்பு அதில் கொஞ்சம் கரைந்த மாதிரி இருந்தது. "நானும் ஒரு போன் பண்ணிக் கேக்கட்டுங்களா?" என்றார். பண்ணினாரா என்று பாவாத்தாளுக்குத் தெரியாது.

சாயங்காலம் டுடோரியல்காரர் நேரில் வந்து ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனார். சுந்தரராஜுலு எல்லாவற்றுக்கும் "ஆமாங்க, தப்புத்தானுங்க" என்று நின்றார். அவர் போன கையோடு மங்கலமேடைக்காரரிடமிருந்து போன். ஒரே நாளில் இத்தனை கூட்டம் கண்டதில்லையாம், அடுத்த ரிசல்ட்டுக்கும் இதே மாதிரி செய்ய முடியுமா என்று கேட்டார். முதலாளி ஒரு கணம் யோசித்ததைப் பாவாத்தாள் பார்த்தாள்.

"சார்" என்றாள்.

"இல்லீங்க, சும்மா கேட்டுக்கிட்டேன்" என்று அவர் போனை வைத்தார். அப்புறம் அவள் நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை நின்றபடியே படித்தார். மறுநாள் அவள் மேஜைக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. காலையில் போன், மத்தியானத்துக்கு மேல் ஆல்வினோடு சர்வர் அறை என்று வேலை பிரிந்தது. ஆல்வினுக்கு அதில் மனத்தாங்கல் ஏதும் இல்லை. டிசம்பரில் பெங்களூரில் வேலை கிடைத்து அவன் போனபோது, பட்டியல்களையும் கடவுச்சொற்களையும் அவளிடமே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். அவள் கொஞ்ச நாள் பயந்தாள். பிறகு பழகிவிட்டது.

ஆனால் அவன் போனதெல்லாம் பின்னால் நடந்தது. ரிசல்ட் முடிந்த அடுத்த வாரமே செங்கோட்டையன் மகளை அழைத்துக்கொண்டு, ஒரு சாக்குத் தேங்காயைத் தோளில் போட்டுக்கொண்டு, கிரைண்டர் கடை மாடி ஏறி வந்துவிட்டார். வெள்ளை வேட்டியில், போனில் கேட்டதைவிட உயரமாக இருந்தார். மகள் ப்ரியா ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஏறிய படிகளை எண்ணியவள் மாதிரி நின்றாள்.

"அம்மணி, உங்களப் பாத்துக் கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தமுங்க. புள்ளய இந்தக் கம்ப்யூட்டர் படிப்புல சேத்தலாமுங்களா? உங்களாட்டம் ஆபீஸ்ல, ஏசில உக்காந்துக்கட்டும். வெயில்ல கெடந்து நாங்க பட்டது போதுங்க."

பாவாத்தாள் இருவரையும் சர்வர் அறைக்குக் கூட்டிப்போனாள். செங்கோட்டையன் கோயிலுக்குள் போகிற மாதிரி செருப்பைக் கழற்றினார். ப்ரியா கறுப்புப் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏனுங்க்கா, ரெண்டாவது மிசின் தப்பாச் சொல்லுதுன்னு இந்தப் பெட்டிக்குத் தெரியாதுங்களா?" என்று கேட்டாள்.

"தெரியாது கண்ணு. அது உசுரோட இருக்குதான்னு மட்டுந்தான் பாக்கும். சரியாச் சொல்லுதான்னு பாக்காது."

"பாக்கற மாதிரி வெக்கலாமுங்களே."

மூலையில் உட்கார்ந்திருந்த ஆல்வின் இதைக் கேட்டுத் திரும்பினான். ஒரு காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டான். செங்கோட்டையனுக்கு மார்பு விரிந்தது. "பாத்தீங்களா? மூளை இருக்குதுங்க. கம்ப்யூட்டருக்கே போட்ரலாமுங்க."

"எனக்கு வேண்டாமுங்கப்பா" என்றாள் ப்ரியா. "எனக்கு அக்ரி காலேஜ்தான். மண்ணப் பத்திப் படிக்கோணும்."

அவர் மகளைப் பார்த்தார். பிறகு பாவாத்தாளைப் பார்த்தார், ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்கிற மாதிரி. பாவாத்தாளின் தாயும் தகப்பனும் அடுத்தவர் மண்ணில் குனிந்து குனிந்து எழுந்தவர்கள். அங்கிருந்து வெளியேறத்தான் அவள் இத்தனையும் படித்தாள். மண்ணுக்குப் போக ஆசைப்பட்டு ஒருத்தி படிக்கக் கேட்பதை அவள் இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறாள். தனக்குத் தெரியாததையே கேட்டாள்.

"மண்ணுல படிக்கறதுக்கு என்ன கண்ணு இருக்குது?"

ப்ரியா சொல்ல ஆரம்பித்தாள். காங்கேயத்துச் சுண்ணாம்புச் சுக்கான் மண்ணில் ஆரம்பித்து, ஏன் ஒரு மானாவாரிக் காட்டில் சோளம் நிற்கிறது, பக்கத்துக் காட்டில் காய்கிறது என்பதற்கு வந்து, கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டே போனாள். செங்கோட்டையன் வெறுங்காலோடு வாசற்படியில் நின்று, மகளை அன்றுதான் முதல்முதலாகப் பார்ப்பவர் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.